சீனத்து அடுகலமும் அதன் பெயர் வழக்கும்

கி.பி. 1225ஆம் ஆண்டில், சீன நாட்டுச் சுவான்சௌத் துறைமுகத்தில் கடல்வாணிகக் கண்காணிப்பாளராக விளங்கிய சாவ் ருகுவா என்பார் ‘சூஃபான்சி’ என்னும் நூலை இயற்றினார். அயல்நாடுகளைப் பற்றிய குறிப்பு என்பது அப்பெயரின் பொருளாகும். சோழ நாட்டைப் பற்றிய பகுதியொன்றும் அதன்கண் இடம்பெற்றிருத்தலின், தமிழக வரலாற்றறிஞர்க்கு அந்நூல் புதியதன்று. இன்றைய பிலிப்பைன் தீவுகளைச் சார்ந்த மாயி என்னும் நாட்டைப் பற்றிக் கூறுமிடத்து, வணிகர் அங்குக் கொண்டு சென்று பண்டமாற்றுச் செய்த பொருள்களின் பட்டியல் ஒன்றினை அவர் தருகின்றார். பீங்கான், வாணிகப் பொன், காரீயம், பன்னிறக் கண்ணாடி மணிகள், இரும்பு ஊசிகள் ஆகியவற்றோடு ‘இரும்புத் திங்’ என்னும் பொருளும் அப்பட்டியலில் உள்ளது.

இவ்விரும்புத் திங் யாது என்பதே ஈண்டு எமது வினா. ஹிர்த், ராக்ஹில் ஆகிய அறிஞர் இருவரும் 1911இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் இதனைத் தூபக்கலம் எனப் பெயர்த்தனர். அவ்விருவரின் உழைப்பு மிகப் பெரிது. அவர்தம் அடிக்குறிப்புகளின் செறிவு இன்றும் வியக்கத்தக்கது. எனினும், இவ்வோரிடத்தில் அவர் கொண்ட பொருள் பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை. அடுக்களைக் கலமொன்று கோயிற் கலமாக மாறிவிட்டது என்றே கருதுகின்றோம். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் இதனைச் சமையற் சட்டி என்றே கொள்கின்றனர். ஆயினும், அவ்வாறு கொள்ளுதற்குரிய காரணங்கள் சொல்லாராய்ச்சி, அகழாய்வு, தொழில்நூல் எனப் பல துறைகளிற் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்தே வைத்து நோக்கினால், சீனர் தம் பழைய கலத்தை எவ்வாறு கைவிட்டனர், கைவிட்ட கலத்தின் பெயரை எவ்வாறு கைவிடாது காத்தனர் என்னும் சுவைமிக்க வரலாறு புலப்படும். சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தாற் பெயர்க்குமிடத்து ஒலி முழுதும் அமைவதில்லை. வேறு குறிப்பில்லாத இடங்களில் வடசீனப் பொதுவழக்கின் ஒலியையே தழுவியுள்ளோம்.

திங் என்பது சீனர்தம் கலங்களுள் மிகத் தொன்மையானது. புதிய கற்காலத்தில் மண்ணாலும், பின்னர் வெண்கலத்தாலும் அது செய்யப்பெற்றது. வெண்கலத் திங், உருண்ட வயிறும் விளிம்பில் இரு காதுகளும் கீழே மூன்று கால்களும் உடையது. சதுர வடிவினதாயின் நான்கு கால்கள் பெறும். கலத்தைத் தாங்குதற்கு அடுப்பொன்று தனியே அமையாத காலத்தில், கலமே கால்பெற்று நின்றது. கால்களின் இடையே தீ மூட்டினர். ‘லி’ என்னும் மற்றொரு கலம் இதனினும் வியப்பானது. அதன் மூன்று கால்களும் உள்ளே கூடாக இருந்தமையால், கூழும் நீரும் கால்களுக்குள்ளும் இறங்கி நின்று விரைந்து சூடேறின. விறகு மிச்சமாயிற்று. ஆயினும், அக்கால்களுக்குள் ஒட்டிய கூழை நாள்தோறும் வழித்துக் கழுவிய மகளிர்க்கு அவ்வமைப்பின் மறுபுறமும் நன்கு தெரிந்திருத்தல் வேண்டும்.

திங் அடுக்களையில் நில்லாது அரசவைக்கும் சென்றது. சௌ அரச மரபின் காலத்தில் இத்தனைத் திங் வைத்துக்கொள்ளலாம் என்பது ஒருவரது தகுதியைக் காட்டும் அளவாயிற்று. பேரரசர்க்கு ஒன்பது, குறுநில மன்னர்க்கு ஏழு எனப் படிப்படியே குறைந்து வருமாறு பிற்கால உரையாசிரியர் வகுத்துரைப்பர். கி.மு. 606இல், சூ நாட்டு மன்னன் சுவாங் சௌ அரசரின் எல்லையிற் படையோடு வந்து நின்று, அங்குள்ள திங் கலங்களின் எடை என்ன என்று வினவியதாகச் ‘சோசுவான்’ என்னும் வரலாற்று நூல் கூறும். எடையைக் கேட்டது அரசைக் கேட்டதாகவே கொள்ளப்பெற்றது. இன்றும் சீன மொழியில், திங்கைப் பற்றிக் கேட்டல் என்னும் தொடர் ஆட்சியைக் கைப்பற்ற நினைத்தலைக் குறிக்கும். 1939இல் ஆன்யாங்கிற் கண்டெடுக்கப்பெற்ற பெரிய சதுரத் திங், 133 செ.மீ. உயரமும் 832.84 கிலோ எடையும் உடையது. அதன் உட்புறத்துப் பொறிக்கப்பெற்ற மூன்றெழுத்துகளுள் முதலெழுத்தை எவ்வாறு படிப்பது என்னும் பூசல் நெடுநாள் நடந்தது. சீன நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் 2011இல் பெயர்ப்பலகையையே மாற்றியமைத்தது. பொருள் கண்ணெதிரே இருப்பினும் பெயரைத் துணிதல் எளிதன்று என்பதற்கு இஃதொரு சான்று.

இவ்விடத்து நுணுக்கமான வேறுபாடொன்றைக் கருதவேண்டும். பழைய சடங்கு நூல்களையும் அவற்றின் உரைகளையும் நோக்கின், இறைச்சியை வேகவைத்த கலம் திங் அன்று; ‘ஹுவோ’ என்னும் வேறொரு கலமாகும். ஹுவோவில் வெந்த இறைச்சியை எடுத்துத் திங்கில் இட்டுப் படைத்தனர். கால் உடையது திங், கால் இல்லாதது ஹுவோ என்று ஹான் காலத்து உரையாசிரியர் ஒருவர் வரையறை செய்துள்ளார். எனவே, பெருமை முழுவதும் திங்கிற்கும், கரி முழுவதும் ஹுவோவிற்கும் உரியவாயின. இவ்விரண்டு பெயர்களையும் நினைவிற் கொள்க. இரண்டும் ஆயிரம் ஆண்டு கடந்து, ஒரே கலத்தின் மீது வந்து அமர்வதைப் பின்னர்க் காண்போம்.

கால்களையுடைய அடுகலத்தை வீழ்த்தியது வேறொரு கலம் அன்று; அடுப்பேயாகும். மண்ணாலும் செங்கல்லாலும் மூடிக் கட்டி, மேலே வட்டமான வாய் விட்டு, முன்புறம் விறகிடும் அடுப்புப் பரவலாயிற்று. ஹான் காலத்துக் கல்லறைகளில் இறந்தாரோடு வைக்கப்பெற்ற சிறிய சுடுமண் அடுப்புகள், அதன் அமைப்பை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றன. வட்டமான வாயில் வட்டமான அடியுடைய கலம் பொருந்தி நின்றால் தீ வெளியே வீணாகாது. கால்கள் அங்கு வேண்டாதன, இருப்பின் இடையூறுமாம். இவ்வாறு அடுப்பின் வாய்க்கேற்ப அமைந்த, காலில்லாத, வட்ட அடியுடைய கலமே ‘ஃபூ’ எனப்பட்டது. அதன்மேல் அடியில் துளைகளையுடைய ‘செங்’ என்னும் கலத்தை ஏற்றி, ஆவியில் தானியத்தை வேகவைத்தனர். இட்டலிப் பானையை அறிந்த நமக்கு இவ்வமைப்பை விளக்கவேண்டுவதில்லை.

ஃபூவின் பரவலுக்கு இரும்பு பெருந்துணை செய்தது. பிற நாட்டார் இரும்பை அடித்து நீட்டியே பயன்கொண்ட காலத்தில், சீனர் அதனை உருக்கி அச்சில் வார்க்கும் முறையை அறிந்திருந்தனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் வார்ப்பிரும்பு அங்கு வழக்கிற்கு வந்துவிட்டது. கி.மு. 117இல் ஹான் அரசு இரும்புத் தொழிலைத் தன்கைப்படுத்தியபோது, ஏர்க்கொழுவும் அடுகலமும் அரசின் உலைகளிலிருந்தே வெளிவரலாயின. வெண்கலத் திங் மன்னர்க்குரியது. இரும்பு ஃபூ உழவர்க்குரியது. கி.மு. 207இல், சியாங் யூ என்னும் படைத்தலைவன் ஆற்றைக் கடந்தபின் படகுகளை மூழ்குவித்து, தன் வீரரின் ஃபூக்களையும் உடைத்தெறிந்து மூன்று நாள் உணவோடு போர்க்களம் புகுந்தான் எனச் சீன வரலாற்று நூல் கூறும். மீளாத் துணிவிற்கு அந்நிகழ்ச்சி இன்றும் பழமொழியாக வழங்குகிறது. வீரர் கையிலிருந்த கலம் அக்காலத்தே ஃபூ ஆகிவிட்டமைக்கும் அதுவே சான்றாம்.

ஃபூ அளவைப் பெயராகவும் வழங்கியது. 1857இல் சாந்துங் மாநிலத்திற் கண்டெடுக்கப்பெற்ற பழைய வெண்கல முகத்தலளவைக் கலங்கள் அப்பெயரைத் தாங்கியுள்ளன. கலம் என்னும் நம் சொல், உண்ணும் பாத்திரத்தையும் பன்னிரு மரக்கால் கொண்ட அளவையும் குறித்தலை இதனோடு ஒப்பிடலாம். சப்பானியர் சோறாக்கும் கலத்தைக் ‘காமா’ என வழங்கி, ஃபூ என்னும் சீன எழுத்தாலேயே இன்றும் அதனை எழுதுகின்றனர்.

இனி, பெயர் வழக்கைப் பற்றிய மிகப் பழைய சான்றிற்கு வருவோம். கி.பி. 18இல் மறைந்த யாங் சியுங் என்னும் அறிஞர் ‘ஃபாங்யென்’ என்னும் நூலைத் தொகுத்தார். ஒரே பொருளுக்குச் சீனத்தின் வெவ்வேறு பகுதிகளில் வழங்கும் சொற்களை நிலம் நிலமாகப் பிரித்துரைப்பது அந்நூல். நம் தொல்காப்பியர் திசைச்சொல் எனத் தனியே ஒரு வகையை வகுத்தார். குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்பன போல உரையாசிரியர் அதற்கு எடுத்துக்காட்டுத் தந்தனர். அத்தகைய செய்திகளாலேயே ஆகிய முழுநூலொன்றைக் கற்பனை செய்துகொண்டால், ஃபாங்யெனின் இயல்பு விளங்கும். அந்நூலில் அடுகலத்தின் பெயர்கள் கூறப்படுமிடத்து, கீழ்த்திசையில் வூ, யாங் பகுதியினர் அதனை ‘லி’ என வழங்குவர் என்னும் குறிப்புக் காணப்படுகிறது. கூடான மூன்று கால்களையுடைய பழங்கலத்தின் பெயரன்றோ லி என்பது! அக்கலம் அடுக்களையினின்று நீங்கி நெடுங்காலம் ஆனபின்னும், அதன் இடத்திற்கு வந்த கலத்தைக் கீழ்த்திசை மக்கள் பழைய பெயராலேயே அழைத்தனர். இக்குறிப்பு ஒன்றே எமது வாதத்திற்கு அடிப்படையாகப் போதும் எனலாம். கலம் மாறியபோது பெயரையும் மாற்றிய நிலங்கள் உள. கலத்தை மாற்றிப் பெயரை மாற்றாத நிலங்களும் உள. பெயர் மாற்றாத நிலத்துச் சொல்லைப் பெயர் மாற்றிய நிலத்தின் அகராதி கொண்டு பொருள் காண்பது பிழைக்கு வழியாகும். எண்ணெய் என்னும் சொல்லின் பிறப்பை மட்டும் அறிந்த அயலார் ஒருவர், தேங்காய் எண்ணெயை எள்ளும் தேங்காயும் கலந்த நெய் என்று உரைத்தால் எவ்வாறிருக்கும்? அத்தகையதே இப்பிழையும்.

இன்று வடசீனத்தில் சட்டிக்கு வழங்கும் பொதுப்பெயர் ‘குவோ’ என்பது. இச்சொல்லையும் ஃபாங்யென் அறியும். ஆயின் வேறு பொருளில் அறியும். வண்டி அச்சிற்கு இடும் மசகு வைத்த குப்பி அங்குக் குவோ எனப்படுகிறது. மசகுக் குப்பியின் பெயர் சில நூற்றாண்டுகளில் அடுக்களையைக் கைப்பற்றி, ஃபூ என்னும் பெரும்பெயரை இலக்கிய வழக்கிற்கும் பழமொழிக்கும் ஒதுக்கிவிட்டது. தெற்கே குவாங்துங்கிலும், கிழக்கே வூ மொழி வழங்கும் இடங்களிலும் குவோ அவ்வாறு வெற்றி பெறவில்லை. ஆங்கே பழைய ஹுவோ நிலைத்தது. குவாங்துங் மக்கள் அதனை ‘வோக்’ என ஒலிக்கின்றனர். அவர்கள் அயல்நாடுகளிற் குடியேறியமையால், ஆங்கிலம் முதலிய மொழிகளும் அச்சொல்லையே ஏற்றன. வேள்விக்கு இறைச்சி வேகவைத்த ஆழமான கொப்பரையின் பெயர், ஆழமற்ற வறுக்கும் சட்டிக்கு ஆகிவிட்டது.

ஃபூசியான் மாநிலத்து வழக்கு இவ்விரண்டிற்கும் மாறானது. அங்கு வழங்கும் மின் மொழிகளைப் பேசுவோர், வட்ட அடியுடைய அதே சட்டியை ‘தியா’ என மூக்கொலி கலந்து அழைக்கின்றனர். எழுத்தில் எழுதும்போது அது திங் என்னும் பழைய எழுத்தேயாம். மின் மொழிகள் ஏனைய சீன மொழிகளினின்று மிக முற்காலத்தே பிரிந்தவை என்பதும், பிற இடங்களில் வழக்கொழிந்த சொற்கள் பல அவற்றில் அன்றாட வழக்காக உள்ளன என்பதும் மொழிநூலார் கண்ட முடிபு. மின் மொழிகளை இனங்காண உதவும் அடையாளச் சொற்களுள் ஒன்றாகவே, சட்டிக்கு வழங்கும் இப்பெயரை அவர்கள் காட்டுவர். மன்னர் ஒருவர் மற்றொருவரின் உரிமையைக் கேட்டுப் படையோடு நின்ற பெயர், ஃபூசியானில் மீன் பொரிக்கும் சட்டிக்கு வழங்குகிறது! புலவர் இதனைத் தாழ்வெனக் கருதலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. அடுக்களையிற் பிறந்த சொல் அடுக்களைக்கே மீண்டது.

சாவ் ருகுவா கண்காணித்த சுவான்சௌ, ஃபூசியான் மாநிலத்துத் துறைமுகம். அங்குக் கலம் ஏற்றியவரும், கணக்கு எழுதியவரும், பாய் விரித்தவரும் பெரும்பாலும் மின் மொழி பேசியவராவர். சாவ் ருகுவா தாம் கூறும் நாடுகளுக்குச் சென்றவரல்லர். துறைமுகத்தில் வணிகரை வினவித் தொகுத்தவர். ஆதலின், அவர் பட்டியலிற் காணும் பண்டப்பெயர் துறைமுக வழக்காதலே இயல்பு. 1349இல் நிறைவுற்ற ‘தாவ்யி சிலுவே’ என்னும் நூலை எழுதிய வாங் தாயுவான், சுவான்சௌவிலிருந்து கடற்செலவு மேற்கொண்டவர். அவரும் அதே மாயி நாட்டைக் கூறுமிடத்து, திங்கையும் இரும்புக் கட்டிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பட்டியலிடுகின்றார். இரும்புக் கட்டியை அடுத்து வைக்கத்தக்க பண்டம் இரும்புச் சட்டியேயன்றித் தூபக்கலம் ஆகாது. சுங் காலம் முதல் பழைய திங்கின் வடிவில் தூபக்கலங்கள் செய்யப்பெற்று வந்தமையால், நூல்வழக்கை மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் அப்பொருளுக்குச் சென்றனர் போலும்.

இதுவரை கூறியது சொல்வழிச் சான்று. பொருள்வழிச் சான்று கடலடியிலிருந்து கிடைத்தது. சாவகக் கடலில் மூழ்கிய மரக்கலம் ஒன்று 1996இல் அகழ்ந்தாராயப்பெற்றது. அதில் ஏறத்தாழ 1,00,000 பீங்கான் பொருள்களோடு, ஏறத்தாழ 200 டன் இரும்பு இருந்திருத்தல் வேண்டும் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். அவ்விரும்பு, கட்டுக் கட்டாகக் கட்டிய கம்பிகளாகவும், ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய வார்ப்பிரும்புச் சட்டிகளாகவும் ஏற்றப்பட்டிருந்தது. முதலில் அக்கலம் 13ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியையோ பிற்பகுதியையோ சார்ந்தது எனக் கருதினர். பீங்கானொன்றின் அடியில் எழுதப்பெற்ற சியன்னிங் என்னும் மாவட்டப்பெயர் 1162இல் தொடங்கி 1278 வரையே அவ்வடிவில் வழங்கியதாதலின், அதனையும் கரிமக் காலக்கணிப்பையும் கொண்டு, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியே பொருந்தும் என 2018இல் வெளியான ஆய்வுரை முடிபு செய்தது. சியன்னிங் ஃபூசியானைச் சார்ந்தது என்பதும் கருதத்தக்கது. குவாங்துங் கரைக்கு அருகில் 1987இல் கண்டறியப்பெற்று, 2007இல் முழுமையாக மேலே தூக்கப்பெற்ற ‘நான்ஹாய் 1’ என்னும் கலமும் 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. அதிலும் இரும்புச் சட்டிகள் அடுக்கடுக்காக ஏற்றப்பட்டிருந்தன. தூபக்கலங்கள் இத்துணை டன் கணக்கில் ஒருநாளும் கடல் கடந்திரா. சாவ் ருகுவாவின் நூல் தோன்றுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே, சட்டி ஏற்றுமதி பெருவாணிகமாக நடந்தமைக்கு இவை சான்று. மாயி நாட்டாரும் சாவகத்தாரும் தம் மட்சட்டியை நீக்கி இரும்புச் சட்டியை ஏற்றுக்கொண்டிருந்த காலத்தை இப்பட்டியல் காட்டுகிறது; அதனைத் தூபக்கலமாக்கினால் அச்செய்தி முற்றும் மறைந்துவிடும்.

புதிய இரும்புச் சட்டி அடுக்களைக்கு வந்தவுடன் பயன்படுவதன்று. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சியா சிசியே என்பார் இயற்றிய ‘சிமின் யாவ்சூ’ என்னும் வேளாண் நூலில் இதற்கொரு செய்முறை உள்ளது. நம்பத்தக்க இடத்தில், உலையிலிருந்து முதலில் வார்த்த ஃபூவையே வாங்கவேண்டும். அதன் இரும்பு தூயது, இலேசானது, விரைந்து சூடேறுவது. பின்னர் மாசிபத்திரி இனத்துச் செடியைக் கயிற்றால் இறுகக் கட்டி, இருமுனைகளையும் வெட்டிச் சமன்செய்து, தேய்ப்பான் போலாக்குக. உலர்ந்த சாணத்தால் தீ மூட்டி, வெந்நீரில் மும்முறை தேய்த்துக் கழுவுக. நீரை இறைத்துவிட்டு வெறுங்கலத்தைச் சூடேற்றி, கையளவான பன்றிக்கொழுப்புத் துண்டுகளால் ஒலி எழுமாறு எங்கும் துடைத்து, மீண்டும் நீர் வார்த்துத் தேய்க்க, மைபோலக் கறுத்த நீர் வரும். கழுவிய நீர் தெளியுமளவும் ஏறத்தாழப் பத்துமுறை இவ்வாறு செய்தல்வேண்டும் என்பது அவர் கூறும் முறை. தோசைக்கல்லைப் பழக்குதல் என்று நம் மகளிர் கூறும் செயலே இது. அதே நூலில் முட்டையை எண்ணெயில் வதக்கும் முறையும் கூறப்பெற்றுள்ளமையால், வேகவைத்த கலம் வறுக்கும் கலமாகவும் பயன்படலாயிற்று என்பது போதரும்.

இவ்வாறு பழக்கிய சட்டியை எளிதில் எவரும் எறியார். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும். நாட்பட்டால் வெடிப்பு விடும். ஆதலின், சட்டி பற்றவைப்போர் ஊரூராகச் சுற்றி வந்தனர். சிறு மூசையில் இரும்புத் துணுக்குகளை உருக்கி, ஒரு துளி எடுத்து வெடிப்பின் அடியில் வைத்து மேலே அழுத்தித் தட்டையாக்குவது அவர் தொழில். 1637இல் சுங் யிங்சிங் வெளியிட்ட ‘தியென்குங் கைவூ’ என்னும் தொழில்நூலில், புதிய சட்டியை வார்க்குமிடத்தே இப்பற்றவைப்பும் பேசப்படுகிறது. வாய் விட்டம் 2 சீன அடி, அதாவது ஏறத்தாழ 60 செ.மீ. என்றும், கனம் 2 ஃபென், அதாவது ஏறத்தாழ 6 மி.மீ. என்றும் அவர் பொது அளவு கூறுவர். உள்ளச்சும் வெளியச்சும் மண்ணால் அமைத்து, இடையில் உருக்கிய இரும்பை வார்ப்பர். ஆறுமுன்னே மூடியைத் திறந்து பார்த்து, குறையிருப்பின் சிறிது இரும்பை அவ்விடத்து ஊற்றி, ஈர வைக்கோலால் அழுத்தித் தடம் தெரியாமற் செய்வர். பழைய உடைசலை மீண்டும் உருக்கி வார்த்த சட்டியினும் புதிதாக உருக்கிய இரும்பால் வார்த்த சட்டியில் ஒட்டுகள் மிகுதி என்னும் கருத்தும் அவர் கூற்றிற் காணப்படும். வாங்குவோர்க்கு அவர் தரும் சோதனை எளியது: சட்டியை மெல்லத் தட்டுக, கட்டையைத் தட்டினாற்போல ஒலித்தால் நல்லது, வேறாக ஒலித்தால் விரைவில் உடையும். பெரிய மடங்களில் துறவியர் ஆயிரவர்க்குக் கஞ்சி காய்ச்ச வார்த்த பெருங்கலத்தையும் குறிப்பிட்டு, அஃதோர் அறிவற்ற பொருள் என முடிக்கின்றார். கம்மியரின் நுட்பத்தை இத்துணை மதித்தவர் பருமையை மதிக்கவில்லை. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது: தலைப்பில் ஃபூ என்னும் நூல்வழக்கை எழுதிய அவர், மடத்துக் கலத்தைக் கூறுமிடத்துக் குவோ என்கிறார். ஒரே பகுதியில் பழைய பெயரும் புதிய பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன.

சட்டியின் இரும்பு படைக்கலமாக உருமாறலாம் என்னும் அச்சம் அரசினர்க்கு எப்போதும் இருந்தது. 1571இல் மிங் அரசு மங்கோலியத் தலைவன் அல்தான் கானுடன் உடன்பாடு செய்து எல்லைச் சந்தைகளைத் திறந்தபோது, மங்கோலியர் விரும்பிக் கேட்ட பொருள்களுள் சட்டி தலையாயது. கொடுத்தால் வாளாகும் என ஒரு சாரார் அஞ்சினர். குவாங்துங் சட்டியின் இரும்பு மீண்டும் உருக்கிப் பயன்கொள்ளத் தக்கதன்று. ஆதலால் அதனை விற்கலாம், உடைந்த பழஞ்சட்டியைத் திருப்பித் தருவோர்க்குப் புதியது தரலாம் என்பன போன்ற யோசனைகள் அன்று முன்வைக்கப்பெற்றன. மேய்ச்சல் நிலத்துக் குடும்பம் ஒன்று ஓட்டைச் சட்டியைச் சுமந்து எல்லைக்கு வந்து புதியது பெறும் காட்சியை, அரசாங்க ஏடுகளின் இடையிலேயே நாம் காண்கிறோம். 1731இல், அயல்நாட்டுக் கப்பல்கள் குவாங்துங்கில் இரும்புச் சட்டிகளைப் பெருந்தொகையாக வாங்கிச் செல்வதாக அறிந்த சிங் அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. ஃபோசான் நகரின் வார்ப்புச் சாலைகளே அச்சட்டிகளின் பிறப்பிடம்.

பழைய சட்டிக்கு நிகரானதைத் தேடும் முயற்சி இந்நூற்றாண்டிலும் ஓயவில்லை. மண்ணடுப்பு நீங்கி எரிவாயு அடுப்பும் மின்னடுப்பும் வந்தபின், வட்ட அடி தட்டையாயிற்று; ஒட்டாப் பூச்சு ஏறிற்று. 2018இன் தொடக்கத்தில், சீனத் தொலைக்காட்சியின் உணவு பற்றிய தொடரொன்று சாந்துங் மாநிலத்துச் சாங்சியூவில் கையால் அடித்துச் செய்யும் இரும்புச் சட்டியைக் காட்டியது. 36,000 முறை சுத்தியலால் அடிக்கப்பெறுவது என்பது அதன் புகழுரை. சில நாட்களில் இருப்பு முழுதும் விற்றுத் தீர்ந்தது. பொறியால் செய்த போலிகளும் அப்பெயரிலேயே சந்தைக்கு வந்தன. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் நிற்கும் நிலை இங்கு வஞ்சத்தால் விளைந்தது. ஃபாங்யென் காலத்தே அது வழக்கால் விளைந்தது.

இனித் தமிழகத் தொடர்பு பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். சுவான்சௌவில் தமிழ் வணிகர் இருந்தமைக்கு, அங்குக் கிடைத்த 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டுச் சான்றாகும். சிவன் திருமேனியை எழுந்தருளுவித்த செய்தியைக் கூறும் அக்கல்வெட்டின் கீழே சீன எழுத்துகளும் உள்ளன. வாங் தாயுவான் தம் நூலிற் கூறும் செங்கற் கோபுரத்தை, 1867இல் இடிக்கப்பெற்ற நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரமாக அறிஞர் கொள்வர். எனவே, திங் என்னும் பெயரைச் சட்டிக்கு வழங்கிய துறைமுகமும் நம் கடற்கரையும் ஒன்றையொன்று அறிந்தனவே. தமிழகத்தின் தென்கோடியிலும் கேரளத்திலும் வாணலிக்குச் சீனச்சட்டி என்னும் பெயர் வழங்குவதை இவ்வறிவோடு இணைத்து நோக்கும் விருப்பம் யார்க்கும் எழும். எனினும் அவ்விருப்பத்திற்கு ஓர் எல்லை வேண்டும். சீனம் என்னும் அடை சீனக்காரம், சீனவெடி எனப் பல பொருள்களோடு சேர்ந்து வருவது. அவையெல்லாம் ஒரே காலத்தில், ஒரே வழியில் வந்தன என்று கொள்ளவியலாது. ஆதலின் அப்பெயரை மட்டும் கொண்டு, நம் சட்டி சோழர் காலத்தே வந்தது என்று துணிதல் தகாது. மலாக்காவழி வந்த பிற்கால வாணிகத்திற்கும் அதன்கண் இடமுண்டு. துணிந்து கூறத்தக்கது ஒன்றே. சீனத்திலிருந்து கலம் கலமாக வந்திறங்கிய பீங்கானுக்குப் ‘பீங்கான்’ என்னும் பெயரே நிலைத்தது; சட்டி என்னும் தமிழ்ச் சொல்லின் முன் சீனம் என்னும் நாட்டுப்பெயர் ஏறியபோது, அது குறித்தது இரும்புக் கலத்தை. தென்கோடியின் இல்லங்களில் இன்று அலுமினியத்தாலும் ஒட்டாப் பூச்சோடும் வரும் சட்டிக்கும் அப்பெயரே வழங்குகிறது.